கமக்காரர் பதிவேடு: ‘கிளிநொச்சி’யில் எத்தனை எழுத்து?

கமக்காரர் அமைப்பு ஒன்றின் உறுப்பினர் கொப்பியை ஜாங்கோவுக்கு (பைதன் மொழியில் இணையத்தளம் கட்டும் கருவித்தொகுதி) மாற்றும் வேலை இது. கொப்பியில் இருந்தவை பெயர், ஊர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி, போகத்துக்குப் போகம் விதைத்த ஏக்கர், அவ்வளவுதான். ஜாங்கோ 5.2, டேட்டாபேஸ் மடிக்கணினியில் எஸ்கியூலைட், சேர்வரில் போஸ்ட்கிரெஸ். போமில் (பதிவுப் படிவத்தில்) தெரிந்த கோளாறுகளில் முக்கால்வாசி மொடலில்தான் (தரவின் வடிவை வரையறுக்கும் இடம்) கிடந்தன.

முதலில், போமிலேயே இருந்த ஒன்று. ‘சேமி’யை அமத்தினால் பக்கம் திரும்பி வரும், எரரும் இல்லை, பதிவும் இல்லை. டெம்ப்ளேட்டில் (பக்கத்தின் அச்சு) பீல்டுகளை, அதாவது விவரப் பெட்டிகளை, கையால் அடுக்கினால் ஒவ்வொன்றுக்கும் கீழே அதன் எரர்ஸையும், போமின் தலையில் நொன் பீல்ட் எரர்ஸையும் (தனி ஒரு பீல்டைச் சேராத பிழைகள்) போட வேண்டும். மறைந்த பீல்டின் எரர்ஸையும் போடாவிட்டால் அதன் பிழை கண்ணில் படாது. வியூவில் (பக்கத்தைக் கையாளும் நிரல்) ‘இஸ் வலிட்’ சோதனை தோற்ற பிறகு வெறும் போமைப் புதிதாக உருவாக்கி அனுப்பினாலும் இதே கதைதான்: எரர்களைச் சுமந்த போம் அங்கேயே தொலைந்துவிடும்.

தொலைபேசிக்கு இன்டிஜர்பீல்ட் (முழு எண்) வைத்தால் 077 என்று தொடங்கும் இலக்கம் 77 ஆகிவிடும். கூட்டிக் கழிக்காத இலக்கம் எதுவும் எண் அல்ல, எழுத்துத்தான், சார்பீல்ட் போடுங்கள். எக்செலில் திறந்து சேமித்த சிஎஸ்வியிலும் அந்தப் பூச்சியம் காணாமல் போகும். ஆகவே உள்ளே ஏற்றும்போது நீளம் 10 இருக்கிறதா என்று ஒருக்கால் பார்ப்பது நல்லது.

அடையாள அட்டையில் இரண்டு சிக்கல். அட்டை இல்லாத முதல் ஆளைப் பதியலாம், இரண்டாவது ஆளைப் பதிய முடியாது. யுனீக் (ஒரே மதிப்பு இரண்டு தடவை வரக் கூடாத) பீல்டில் வெறும் எழுத்துச்சரமும் ஒரு மதிப்புத்தான், இரண்டு வெறுமை மோதிக்கொள்ளும். பிளாங்க் ட்ரூவோடு ‘நல்’ ட்ரூவும் கொடுத்தால் மொடல்போம் (மொடலில் இருந்து உருவாகும் போம்) வெறுமையை ‘நல்’ (மதிப்பே இல்லை) என்று சேமிக்கும். ‘நல்’லும் ‘நல்’லும் மோதாது. அடுத்தது, பழைய அட்டையில் 9 இலக்கமும் ‘வி’ அல்லது ‘எக்ஸ்’ எழுத்தும், புதியதில் 12 இலக்கம். ஒரே ஆள் இரண்டு இலக்கத்தாலும் இரண்டு தடவை உள்ளே வரலாம். கிளீன் மெதட்டில் (போம் தரவைச் சோதிக்கும் இடம்) எல்லாவற்றையும் புதிய வடிவுக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது: முன்னுக்கு 19, பழைய இலக்கத்தின் முதல் ஐந்துக்குப் பிறகு ஒரு 0, கடைசி எழுத்தை வெட்டு.

ஏக்கரை உறுப்பினர் மொடலில் வைத்ததுதான் பெரிய பிழை. இரணைமடுக் குளத்தின் கீழ் காலபோகத்தில் (பெரும்போகம்) விதைக்கிற அளவு சிறுபோகத்தில் விதைக்க முடியாது. குளத்துத் தண்ணீரைப் பார்த்துக் கூட்டத்தில் தீர்மானிப்பார்கள். ஒரே பீல்டில் இருந்தால் போன போகத்தின் கணக்கு அழிந்துபோகும். அதனால் ‘விதைப்பு’ என்று தனி மொடல்: உறுப்பினர், போகம், ஏக்கர். ஏக்கருக்கு டெசிமல்பீல்ட், மொத்தம் 5 இலக்கம், புள்ளிக்குப் பின் 2. கால் ஏக்கர் 0.25. மொத்தத்தை 3 என்று கொடுத்தால் 9.99க்கு மேல் ஏறாது, 12 ஏக்கர்க்காரர் வெளியே நிற்பார்.

உறுப்பினர், போகம் இரண்டும் சேர்ந்து ஒரு தடவைதான் வரலாம் என்று யுனீக் கொன்ஸ்ட்ரெயின்ட் (டேட்டாபேஸ் கட்டுப்பாடு) போட்டாயிற்று. அப்படியும் இரட்டைப் பதிவு வரும்போது போம் எரர் காட்டாமல் ‘500’ என்ற சேர்வர் பிழைப் பக்கம் வந்தது. காரணம், போகம் போமில் இல்லை. கொமிட் பால்ஸ் போட்டு (டேட்டாபேஸில் எழுதாமல் நிறுத்தி), பிறகு வியூவில் சேர்க்கப்படுகிறது. போமில் இல்லாத பீல்ட் கலந்திருக்கும் கொன்ஸ்ட்ரெயின்டை மொடல்போம் சோதிக்காது, டேட்டாபேஸ்தான் கடைசியில் பிடிக்கும். போகத்தை, போம் உருவாகும் இனிட்டுக்குக் கொடுத்து, கிளீனில் ஏற்கெனவே பதிவு உண்டா என்று தேட வேண்டும். திருத்தும்போது தன் பதிவைத் தவிர்த்துத் தேடுங்கள், இல்லாவிட்டால் எந்தத் திருத்தமும் சேராது. கொன்ஸ்ட்ரெயின்டையும் கழற்றக் கூடாது; இருவர் ஒரே நேரம் அமத்தினால் காப்பது அதுதான்.

இனி ஊர்ப்பெயர். மேக்ஸ் லெங்த் (உச்ச நீளம்) 12 என்றால் ‘புதுக்குடியிருப்பு’ நுழையாது. கண்ணுக்கு 9 எழுத்து, யூனிகோடில் 18. ஒவ்வொரு எழுத்திலும் ஒரு குறியோ புள்ளியோ தனியாக எண்ணப்படுகிறது. ‘கிளிநொச்சி’ கண்ணுக்கு 5, எண்ணிக்கையில் 10. போமில் பிடிபடுவது போகட்டும். சிஎஸ்வியில் இருந்து பல்க் கிரியேட்டால் மொத்தமாக ஏற்றும்போது எந்தச் சோதனையும் ஓடாது. எஸ்கியூலைட் நீளத்தைக் கவனிக்காமல் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். போஸ்ட்கிரெஸுக்குப் போன அன்றுதான் கத்தும்.

அதே ‘கிளிநொச்சி’ சில நேரம் 11. ‘நொ’வின் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் அச்சொட்டாக ஒன்று, தேடினால் ஒரு பாதி உறுப்பினரைக் காணோம். சேமிக்க முன்னும் தேட முன்னும் பைதனின் யூனிகோட்டேட்டாவில் என்எப்சி (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும்) வடிவுக்கு மாற்றினால் இரண்டும் ஒன்றாகும். காலுக்குப் பதில் ‘ர’ அடித்தவர்களை அது காப்பாற்றாது. ஊரைப் பட்டியலில் இருந்து தெரிவுசெய்ய விட்டதே அதற்கு மருந்து.

ஊர்ப்பக்கத்தின் முகவரிக்கு ஸ்லகிஃபை (பெயரை இணைய முகவரிக்கேற்ற எழுத்தாக்குவது) செய்தால் தமிழ் முழுதாகப் போய் வெறுமை வரும். அலவ் யூனிகோட் கொடுத்தால் இன்னும் வேடிக்கை: ‘முரசுமோட்டை’ ‘மரசமடட’ ஆகிறது. பைதனின் ரெகெக்ஸ் (எழுத்து வடிவங்களைப் பொருத்திப் பார்ப்பது), உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக ஏற்காது. அதனால்தான் ‘மலர்’ என்ற யூசர்நேமையும் ஜாங்கோ தள்ளுகிறது, ‘கமல’ என்றால் விடுகிறது. முகவரியில் ஐடி இலக்கம், யூசர்நேமுக்கு ஆங்கில எழுத்து என்று முடித்தாயிற்று.

பீல்டின் பெயரை ‘ஊர்’ என்பதில் இருந்து ‘கிராமம்’ ஆக்கும்போது மேக்மைக்ரேஷன்ஸ் (மொடல் மாற்றத்தை டேட்டாபேஸுக்கான கோப்பாக எழுதும் கட்டளை) ‘பெயர் மாற்றமா’ என்று கேட்கும். அதற்கு ஆங்கில ‘வை’ (y) அடிக்க வேண்டும். கவனிக்காமல் என்டரைத் தட்டினால் ‘இல்லை’ என்றே எடுத்துக்கொண்டு, பழைய நிரலை (கொலம்) தரவோடு நீக்கும் மைக்ரேஷனை எழுதும். மைக்ரேட் ஓட்ட முன் அந்தக் கோப்பைத் திறந்து, ரினேம் பீல்ட் இருக்கிறதா, ரிமூவ் பீல்ட் இருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய காலபோகக் கணக்குகளை ஏற்றுவது மிச்சம். அவற்றில் ஏக்கர் ‘2 1/2’ என்று எழுதியிருக்கிறது, டெசிமல்பீல்ட் அதை ஏற்காது.