கேப் வேண்டாம், கைட்டில் தொடங்குங்கள்

மூன்றாம் வகுப்பில் ஆங்கிலப் பாடம் கொஞ்சம் சூடு பிடித்ததும் யாராவது ஒரு பிள்ளை கேட்டுவிடும்: “கடைசியில ஒரு ஈ நிக்குதே டீச்சர், அத ஏன் படிக்கக் கூடாது?” நியாயமான கேள்வி. தமிழில் எழுதியிருப்பதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லிப் பழகிய பிள்ளைகள். என்-ஏ-எம்-ஈ என்று எழுதிப் போட்டால் ‘நாமெ’ என்று வாசிக்கிறார்கள். அதைக் கேட்டு வகுப்பில் யாரையும் சிரிக்க விடமாட்டேன். 14ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அந்தச் சொல்லைக் கிட்டத்தட்ட அப்படித்தான் சொன்னார்கள். பிறகு கடைசி ஒலி தேய்ந்து மறைந்தது, நடு உயிரின் ஒலியும் மாறியது. எழுத்து மட்டும் அங்கேயே தங்கிவிட்டது.

இந்த ஓசையில்லாத ஈ-யைக் கற்பிக்க, எழுத்தின் ஒலியை வைத்து வாசிக்கப் பழக்கும் ஃபோனிக்ஸ் புத்தகங்கள் பெரும்பாலும் ஏ-யில் தொடங்குகின்றன. சி-ஏ-பி என்றால் தொப்பி, ஒரு ஈ சேர்த்தால் தோளில் போடும் மேலங்கி. நம் பிள்ளைகளுக்கு இந்தத் தொடக்கம் உதவாது என்று உறுதியாகச் சொல்வேன். நம் பேச்சில் தொப்பியும் ‘கேப்’தான், மேலங்கியும் ‘கேப்’தான். தண்ணீர்க் குழாயும் ‘டேப்’, ஒட்டுகிற டேப்பும் ‘டேப்’. இரண்டும் ஒன்றாகவே காதில் விழும்போது, ஈ வந்து ஒலியை மாற்றிவிட்டது என்று நான் சொன்னால் பிள்ளை எதை நம்பும்?

அதனால் நான் ஐ-யில் தொடங்குகிறேன். கே-ஐ-டி கிட். ஈ சேர்ந்தால் கைட், அதாவது பட்டம். அதேபோல் பின், பைன். டிம், டைம். ‘கி’ வேறு, ‘கை’ வேறு என்பது ஒன்றாம் வகுப்பிலேயே தெரிந்த சங்கதி. “ஈ பின்னால வந்து நின்னா ஐ தன் பேரையே சொல்லும்” என்றால் போதும், புரிந்துவிடும். அடுத்து ஓ: ஹாப், ஹோப். பிறகு யூ: கட், க்யூட். இதெல்லாம் ஊறிய பின்புதான் ஏ. அதற்குள் விதி கைவந்திருக்கும். தொப்பி என்கிற ‘கேப்’பில் வாயை அகலத் திறந்து சொல்லவேண்டிய அந்தப் புது ஒலியை மட்டும் தனியாகப் பழக்கினால் போதும்.

இன்னொரு சந்தேகமும் வரும். ஹோப்பில் ஓ-வுக்கும் ஈ-க்கும் நடுவில் பி நிற்கிறதே, அதைத் தாண்டி எப்படி மாற்றும்? கரும்பலகையில் பெரிதாக ‘மோ’ எழுதுவேன். முன்னால் இரட்டைக்கொம்பு, பின்னால் துணைக்கால், நடுவில் ம.

“இந்தக் காலைத் தனியா படிப்பீங்களா?”

“மாட்டோம் டீச்சர்.”

“ரெண்டு பக்கமும் சேர்ந்துதான் ஒரு ஓ. இல்லையா?”

பக்கத்திலேயே ஹெச்-ஓ-பி-ஈ எழுதி, ஓ-வையும் ஈ-யையும் அடியில் ஒரு வளைகோட்டால் இணைப்பேன். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படுவதில்லை. தமிழ் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இது புது வித்தையே இல்லை. இவ்வளவு நல்ல அடித்தளத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாம் ஏன் பயன்படுத்தாமல் விடுகிறோம் என்று எனக்கு வருத்தமாகவே இருக்கும்.

பழைய கல்யாணப் பத்திரிகைகளை நீளவாக்கில் வெட்டி வைத்திருக்கிறேன். எழுதாத பக்கத்தில் சொல்லை எழுதி, ஈ வரும் ஓரத்தை மட்டும் மடித்துவிடுவேன். மடித்தால் கிட், விரித்தால் கைட். ஆனால் அட்டையைவிட முக்கியம் கண் பழக்கம். வாசிக்கும் முன் விரலைக் கடைசி எழுத்தில் வைக்கச் சொல்வேன். ஈ இருக்கிறதா, அதற்கு முன் ஒரே ஒரு மெய், அதற்கும் முன் ஒரே ஒரு உயிர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே வாய் திறக்கலாம். மனப்பாடமா, புரிந்ததா என்று அறிய, பொருளே இல்லாத சொல்லைக் கொடுப்பேன். எம்-ஐ-பி-ஈ. ‘மைப்’ என்று வந்தால் எனக்கு நிம்மதி.

விதிக்கு அடங்காதவை உண்டு. ஹேவ், கிவ், லவ் மூன்றிலும் ஈ நிற்பதற்குக் காரணம் வேறு: ஆங்கிலச் சொல் பொதுவாக வி-யில் முடியாது. தமிழிலும் க், ச், ட் போன்ற வல்லின மெய்யில் சொல் முடிவதில்லையே, அதைச் சொன்னால் ஒத்துக்கொள்கிறார்கள். கடைசியில் ஈ இருந்தும் ஓ தன் பெயரைச் சொல்லாத கம், சம், டன் ஆகியவற்றைச் சுவரில் தனியாக ஒட்டி, பார்த்துப் பார்த்துப் பழக்குகிறேன்.

இப்போது ரைஸ், ஃபேஸ் பக்கம் வந்திருக்கிறோம். அங்கே ஈ-க்கு இரண்டு வேலை: முன்னால் உள்ள உயிரைத் தன் பெயர் சொல்ல வைக்கவேண்டும், சி-யை ‘ஸ்’ ஆக்கவும் வேண்டும். அட்டைகள் வெட்டிக்கொண்டிருக்கிறேன். வகுப்பில் போட்டுப் பார்த்துவிட்டு அடுத்த பதிவில் எழுதுகிறேன்.