கத்திரி வெயிலில் சுகர் குக்கீஸ்: ஒரு மதுரை அடுக்களைக் குறிப்பு

மே 4, ஞாயிறு

இன்று கத்திரி தொடக்கம். இந்த நேரம் பார்த்துத்தான் மகளுக்கு சுகர் குக்கீஸ் வேண்டுமாம். பள்ளி லீவு, கையில் யூடியூப். பேக்கரியில் வாங்கித் தருகிறேன் என்றேன். "மைதா, வெண்ணெய், சீனி, மூணுதானேம்மா, நாமளே செய்யலாம்" என்கிறாள்.

அந்த மூன்றுதான் சிக்கலே. ஏலக்காய், முந்திரி, சாக்லேட் என்று எதையாவது போட்டுச் சரிக்கட்ட வழியில்லை. வெண்ணெயில் லேசாகச் சிக்கு வாடை இருந்தாலும் முதல் கடியில் தெரிந்துவிடும்.

வெண்ணெய் பாக்கெட்டை வைத்தே அளவைக் கட்டிக்கொண்டேன். 100 கிராம் பாக்கெட் முழுசாக ஒன்று, மைதா 170 கிராம், சீனி 90 கிராம், முட்டை மஞ்சள்கரு ஒன்று, வெனிலா எசென்ஸ் அரை டீஸ்பூன், பேக்கிங் பவுடர் கால் டீஸ்பூன். பாக்கெட் வெண்ணெயிலேயே உப்பு இருப்பதால் தனியாக உப்பு வேண்டாம். எல்லாமே எடை மெஷினில்தான். கப் கணக்கில் எனக்கு நம்பிக்கை கிடையாது. மைதாவை அமுக்கி அள்ளுவதற்கும் சலித்துத் தூவி நிரப்புவதற்கும் ஒரு கப்பிலேயே 30 கிராம் வரை வித்தியாசம் வரும்.

மே 5, திங்கள்

எந்தக் குறிப்பைப் பார்த்தாலும் "வெண்ணெய் அறை வெப்பநிலையில் இருக்க வேண்டும்" என்று போட்டிருக்கிறது. யார் வீட்டு அறை? அவர்கள் சொல்வது 18, 20 டிகிரி அறை. எங்கள் அடுக்களைச் சுவரில் தொங்கும் வெப்பமானி காலை பத்து மணிக்கே 34 காட்டுகிறது. வெண்ணெய் உருகி ஓடுவது 32-இலிருந்து 35 டிகிரிக்குள். ஆக, இங்கே வெளியில் எடுத்து வைத்த வெண்ணெய் நெய்யாகிற வழியில்தான் இருக்கும்.

உருகினால் என்ன, கடைசியில் ஓவனில் உருகத்தானே போகிறது என்று மகள் கேட்டாள். நல்ல கேள்விதான். வெண்ணெயையும் சீனியையும் சேர்த்து அடிக்கும்போது சீனியின் முனைகள் வெண்ணெயைக் கீறிக்கீறிச் சின்னச் சின்னக் காற்றுக்குமிழிகளை உள்ளே விடுகின்றன. வெண்ணெய் கெட்டியும் இளக்கமுமாக இருந்தால்தான் அந்தக் காற்று தங்கும். ஓடுகிற கொழுப்பில் தங்காது. பேக்கிங் பவுடர் புதிதாகக் குமிழி உண்டாக்குவதைவிட, ஏற்கெனவே இருக்கும் குமிழிகளைப் பெரிதாக்குகிற வேலையைத்தான் செய்கிறது. இங்கே காற்று ஏறவில்லையென்றால் அங்கே குக்கீ தட்டையாகப் படர்ந்து அப்பளம் மாதிரி வரும்.

அதனால் எங்கள் வீட்டு முறை இது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த வெண்ணெயைத் துண்டு போட்டு ஐந்தாறு நிமிடம் மட்டும் வெளியில். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், மேலே எண்ணெய்ப் பளபளப்பு வரக்கூடாது. அடிக்கிற பாத்திரம் எவர்சில்வராக இருந்தால் வசதி. இளகுவது போலத் தெரிந்தால் ஐஸ் தண்ணீர்த் தட்டில் அரை நிமிடம் வைத்து எடுத்துவிடலாம். வேலையைக் காலை ஆறு மணிக்கே ஆரம்பிப்பது உத்தமம். மைதா போட்ட பிறகு பிசையக் கூடாது, கூட்டிச் சேர்த்தால் போதும். சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்தால் பசைத்தன்மை ஏறி, குக்கீ வறட்டி ஆகிவிடும்.

பிறகு ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜ். இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவே மாவை வைத்து அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, காபி டம்ளர் வாயால் வட்டமாக வெட்டினோம். வெட்டிய வட்டங்களுக்கு ஃப்ரீசரில் இன்னொரு பத்து நிமிடம். இந்த ஊரில் அந்தப் பத்து நிமிடத்தை விடவே கூடாது.

மே 6, செவ்வாய்

நம் ஊர்ச் சீனி பரல் பரலாக இருக்கும். குறிப்புகள் சொல்கிற சீனி அதைவிடப் பொடி. பரலாகவே போட்டால் வெண்ணெயில் பாதி கரையாமல் நின்று, ஓவனுக்குள் போய் இளகி, குக்கீயைப் படரவிடுகிறது. மேலே புள்ளி புள்ளியாகவும் தெரிகிறது. மிக்ஸியில் மாவாகவே அரைத்தால் படராது, வெட்டிய வடிவம் அப்படியே நிற்கும். ஆனால் கடிக்கும்போது அந்த நறநறப்பு போய்விடும், கீறிவிடப் பரல் இல்லாததால் காற்றும் குறைவு. மிக்ஸியை இரண்டு மூன்று முறை விட்டு விட்டுச் சுற்றி, ரவைக்கும் மாவுக்கும் நடுவில் நிறுத்தியது சரியாக வந்தது. கடையில் விற்கிற ஐசிங் சுகரில் சோளமாவு கலந்திருக்கும், அது இதற்குத் தேவையில்லை.

மே 8, வியாழன்

மீனாட்சி திருக்கல்யாணம். அத்தையும் நானும் தாலிச்சரடு மாற்றிக்கொண்டோம். அழகர் மலைக்குத் திரும்பும்வரை வீட்டில் முட்டை கிடையாது என்று அத்தை அறிவித்துவிட்டார். ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வரும் சொந்தக்காரர்களுக்குக் குக்கீஸ் தருவது என்று மகள் ஏற்கெனவே வாக்குக் கொடுத்தாயிற்று.

மே 10, சனி

முட்டை இல்லாமல். மஞ்சள்கருவுக்குப் பதில் குளிர்ந்த பால் ஒரு மேஜைக்கரண்டி. மஞ்சள்கரு தருகிற கொழுப்பு போய்விடுவதால் கொஞ்சம் மெல்லிய மொறுமொறுப்பு, அவ்வளவுதான். பாலில் உள்ள புரதமும் பால் சர்க்கரையும் நிறத்துக்கு உதவுகின்றன. சொன்னால் ஒழிய யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

அத்தை பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "ஏம்மா, இவ்வளவு வெண்ணெய்க்கு நம்ம வீட்டு நெய்யையே போட்டா என்ன?" என்றார். போட்டுப் பார்த்தோம். வெண்ணெயில் 80 சதவீதம்தான் கொழுப்பு, மீதியில் பெரும்பகுதி தண்ணீர். நெய்யில் தண்ணீர் இல்லையென்றே சொல்லலாம். அதனால் 100 கிராம் வெண்ணெய்க்கு 80 கிராம் உறைந்த நெய், ஒரு சிட்டிகை உப்பு. வந்தது சுகர் குக்கீ இல்லை, பேக்கரி நெய் பிஸ்கட். வாயில் போட்டதும் மணல்மணலாக உதிர்கிறது. அத்தைக்கு அதுதான் பிடித்திருக்கிறது. எனக்கும்தான், மகளிடம் சொல்லவில்லை.

மே 11, ஞாயிறு

எதிர்சேவை நாள். வீடு நிறைய ஆள். தட்டை ஓவனுக்குள் தள்ளிய நேரம் கரண்ட் போனது. எங்கள் ஓடிஜி 1,600 வாட், இன்வெர்ட்டர் அதை இழுக்காது. வட்டங்கள் மறுபடி ஃப்ரீசருக்கு. சரி, மாமன்மார்களுக்கு முறுக்கு இருக்கிறது.

மே 13, செவ்வாய்

நேற்று அதிகாலை எல்லோரும் வைகைக்குக் கிளம்பும் முன்பே டப்பா பாதி காலி. இன்று சாவகாசமாக ஓவன் விஷயம் எழுதுகிறேன்.

குமிழில் 170 வைத்தால் உள்ளே 170 இருக்கும் என்று நம்ப வேண்டாம். உள்ளே வைக்கிற சின்ன வெப்பமானி வாங்கி வைத்திருக்கிறேன், எங்களுடையது 15 டிகிரி அதிகம் ஓடுகிறது. மேல் ராடு, கீழ் ராடு இரண்டும் போட்டு, பதினைந்து நிமிடம் சூடேற்றி, நடுத்தட்டில் ஒரு ட்ரே மட்டும். பத்திலிருந்து பன்னிரண்டு நிமிடம். ஓரம் லேசாகப் பொன்னிறம் கண்டதும் எடுத்துவிட வேண்டும். நடுவில் வெளுத்து, தொட்டால் மெத்தென்று இருக்கும். வேகவில்லையோ என்று அங்கேதான் கை பரபரக்கும். ஆறும்போது தானே இறுகிக்கொள்ளும். சூடான ட்ரேயில் அடுத்த வட்டங்களை வைக்கக் கூடாது, ஓவனுக்குப் போகும் முன்பே வெண்ணெய் கசிந்துவிடும்.

எதிர்வீட்டு அக்காவிடம் ஓவன் இல்லை. கனமான கடாயில் உப்பு பரப்பி, ஸ்டாண்டு வைத்து, மூடிபோட்டுப் பத்து நிமிடம் காயவைத்து, சிறு தீயில் சுட்டுக் கொடுத்தார். அடி நன்றாகச் சிவந்தது, மேலே நிறம் வரவில்லை. சூடு கீழிருந்து மட்டும்தானே வருகிறது. ருசிக்கு ஒரு குறையும் இல்லை.

மே 17, சனி

சாயங்காலம் கோடை மழை. மகள் டப்பாவைத் திறந்து போட்டுவிட்டு மாடிக்கு நனைய ஓடிவிட்டாள். குக்கீஸ் நமத்துப்போயின. சீனி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், வேறொன்றும் ஆகவில்லை. 150 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்து, கம்பித்தட்டில் முழுசாக ஆறவிட்டதும் பழைய மொறுமொறுப்பு திரும்பிவிட்டது. சூட்டோடு டப்பாவில் அடைத்தால் ஆவி உள்ளேயே நின்று மறுபடி நமத்துவிடும்.

அழகர் மலைக்குத் திரும்பியாயிற்று. முட்டை வாங்கலாமா என்று மகள் கேட்கிறாள். நெய் காய்ச்சலாமா என்று அத்தை கேட்கிறார். ஃப்ரிட்ஜில் ஒரே ஒரு பாக்கெட் வெண்ணெய்தான் இருக்கிறது.