பிராட் தெரு 40ஆம் எண் வீடு

இறப்புக்கான காரணம் எழுதும் கட்டத்தில் 'இதயத்துடிப்பு நின்றது' என்று மட்டும் எழுதி வந்தால், அந்தப் படிவத்தை டாக்டரிடமே திருப்பிக் கொண்டுபோவேன். மருத்துவமனை ரெக்கார்டு பிரிவில் இது அன்றாடம் நடப்பதுதான். ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று புதிதாக வேலைக்குச் சேருபவர்கள் கேட்பார்கள். 1854இல் லண்டன் சோஹோ பகுதியில் எழுதப்பட்ட ஒரு வரியைத்தான் அவர்களுக்குச் சொல்வேன்.

இங்கிலாந்தில் பிறப்பு, இறப்புகளின் அரசுப் பதிவு தொடங்கியது 1837 ஜூலையில். அதற்கு முன்பிருந்த சர்ச்சின் அடக்கப் பதிவேட்டில் பெயர், முகவரி, வயது, அடக்கம் செய்த நாள், நடத்திய போதகர் எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. எதனால் இறந்தார் என்பதற்குக் கிடையாது. அரசுப் பதிவேட்டில் அது வந்தது. ஆனால் நிரப்பியதோ 'பல் முளைத்தல்', 'வலிப்பு', 'பலவீனம்' என்று. ஒரே நோய்க்கு மூன்று நான்கு பெயர், ஒரே பெயருக்குள் பல நோய் என்று புள்ளிவிவரம் தொகுத்த வில்லியம் ஃபார் குறைபட்டுக்கொண்டார். சிகிச்சை பார்த்த டாக்டர் சான்று தந்தே ஆக வேண்டும் என்று சட்டம் வந்தது 1874இல்தான்.

சரி, அந்த வரிக்கு வருகிறேன். ஆகஸ்ட் 31 இரவு பிராட் தெருவைச் சுற்றிக் காலரா வெடித்தது. பதிவு அலுவலகத்தில் இறந்தவர்களின் பட்டியலை வாங்கி விசாரித்த ஜான் ஸ்நோ என்ற டாக்டர், தெருவிலிருந்த அடிபம்பின் தண்ணீர்தான் காரணம் என்றார். செப்டம்பர் 8 அன்று அதன் கைப்பிடியைக் கழற்றினார்கள். ஆனால் பம்புக்குக் கீழே இருந்த கிணற்றுக்குள் நோய் எப்படிப் போனது?

ஸ்நோ சொன்னதை முதலில் நம்பாத ஹென்றி வைட்ஹெட் என்ற உதவிப் போதகர், மறு வருடம் வேறெதையோ தேடிப் பதிவுகளைப் புரட்டியபோது கண்ணில் பட்டது இது: பிராட் தெரு 40, செப்டம்பர் 2, ஐந்து மாதப் பெண் குழந்தை, சாவுக்கு நான்கு நாள் முன்பு வயிற்றுப்போக்கு கண்டு உடல் ஓய்ந்து இறப்பு.

காலரா என்றே அதில் இல்லை. ஆனால் எழுதியவர் நாள்கணக்கைச் சேர்த்திருக்கிறார். அந்த நான்கு நாளைப் பின்னோக்கி எண்ணினால், ஊரில் நோய் வெடிப்பதற்கு முன்பே குழந்தை படுத்துவிட்டது. பம்பு இருந்ததோ அந்த வீட்டு வாசலில். வைட்ஹெட் தாயிடம் போய்க் கேட்டார். குழந்தையின் துணியை அலசிய தண்ணீரை வீட்டு முன்புறக் கழிவுக்குழியில் ஊற்றியதாகச் சொன்னார். தோண்டிப் பார்த்தார்கள். செங்கல் உளுத்துப்போன அந்தக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே மூன்றடிகூட இல்லை.

குழந்தையின் அப்பா போலீஸ்காரர். அவருக்குக் காலரா கண்டது செப்டம்பர் 8, கைப்பிடியைக் கழற்றிய அதே நாள். பதினோரு நாள் படுத்திருந்து இறந்தார். அவருடைய கழிவும் அதே குழிக்குத்தான் போயிருக்கும். கைப்பிடி இருந்திருந்தால் தெருவே மறுபடியும் அந்தத் தண்ணீரைக் குடித்திருக்கும்.