என் கையில் வந்த கட்டியும் டி48.5 என்ற குறியீடும்

சென்னையில் இருந்துகொண்டு அமெரிக்க நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகளைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் காப்பீட்டு நிறுவனம் படிக்கும் குறியீடு போடுவது என் வேலை. சேர்ந்த புதிதில் தோல் கட்டிகளில் ஒரே தவறைத் திரும்பத் திரும்பச் செய்தேன். கையிலிருந்து கட்டியை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பார்கள். என்ன கட்டி என்று டாக்டர் எழுதியிருக்க மாட்டார். உடனே டி48.5 போட்டுவிடுவேன். 'தன்மை நிச்சயமில்லாத தோல் கட்டி' என்பது அதன் பொருள். டாக்டருக்கே நிச்சயமில்லையே என்பது என் கணக்கு.

நாங்கள் போட்ட குறியீடுகளைச் சரிபார்க்கும் ஆடிட்டில் அத்தனையும் திரும்பி வந்தன. டீம் லீடர் அக்கா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார்: "நுண்ணோக்கியில் பார்த்த பிறகும் சாதாரணக் கட்டியா புற்றா என்று பிரிக்க முடியாமல் போனால்தான் இந்தக் குறியீடு. அறிக்கை வரும்வரை பொறு. பொறுக்கவே வழியில்லை என்றால், தன்மை குறிப்பிடப்படாத கட்டி என்று டி49.2 போடு."

விதியாக மனப்பாடம் செய்துகொண்டேன். அது உறைத்தது, என் வலது முன்கையிலேயே பயறளவில் பழுப்பாக ஒரு கட்டி வந்தபோதுதான். தோல் மருத்துவர் அதை இரு பக்கமும் விரலால் அழுத்தினார். நடுப்பகுதி குழிந்து உள்ளே போனது. "டெர்மட்டோஃபைப்ரோமா என்கிற சாதாரணத் தோல் கட்டியாக இருக்கும், பயப்படாதீர்கள். உரசி வலிக்கிறது என்கிறீர்களே, எடுத்து அனுப்பிவிடலாம்" என்றார்.

மரத்துப்போக ஊசி போடும் முன் அளவுகோல் வைத்து அளந்தார். கட்டி 8 மில்லிமீட்டர், அதோடு சேர்த்து வெட்டும் நல்ல தோல் சுற்றிலும் 2 மில்லிமீட்டர் விளிம்பு. இரு பக்க விளிம்பையும் சேர்த்தால் 1.2 சென்டிமீட்டர், அமெரிக்கக் கணக்கில் அந்த அளவுக்கான அறுவைக் குறியீடு 11402. வெட்டியெடுத்த தோல் சுருங்கிவிடும். ஆய்வகம் அளந்ததை எடுத்துக்கொண்டால் ஒரு படி இறங்கி, சிறிய அளவுக்கான 11401 ஆகிவிடலாம். வெட்டும் முன் அளந்ததை டாக்டர் எழுதிவைக்க வேண்டும் என்று நாங்கள் மன்றாடுவது இதற்காகத்தான்.

அறிக்கைக்காக எட்டு நாள் காத்திருந்தேன். தூக்கம் வராத இரவுகளில் மனம் தானாகக் குறியீடுகளை ஓட்டியது: கொழுப்புக்கட்டி என்றால் டி17.21, மச்சம் என்றால் டி22.61, வயதானவர்களுக்கு வரும் தோல் தடிப்பான செபோரிக் கெரட்டோசிஸ் என்றால் எல்82.1. டி48.5 வரும்போது மட்டும் வயிற்றைப் பிசைந்தது. நான் அவசரத்தில் அதைப் போட்டுத் தள்ளிய ஒவ்வொரு சார்ட்டிலும், அதாவது நோயாளிக் குறிப்பிலும், இப்படிக் காத்திருந்த ஒருவர் இருந்திருப்பார். அவருடைய பதிவேட்டில், யாரும் சொல்லாத ஒரு முடிவை நான் எழுதியிருக்கிறேன். அடுத்த டாக்டரும் காப்பீட்டு நிறுவனமும் அதை உண்மை என்றே படித்திருப்பார்கள்.

ஒன்பதாம் நாள் அறிக்கை வந்தது. டெர்மட்டோஃபைப்ரோமா, விளிம்புகளில் மிச்சமில்லை. வாசலிலேயே நின்று படித்துவிட்டு, உறையின் மேல் பென்சிலால், வலது கையின் சாதாரணத் தோல் கட்டிக்கான டி23.61 என்று எழுதினேன். அன்றிரவு ஷிஃப்டில் வந்த இரண்டாவது சார்ட்டில் ஆய்வக அறிக்கை இல்லை. அன்று முடித்த சார்ட்டுகளின் எண்ணிக்கை குறைந்தாலும் பரவாயில்லை என்று அதை நிறுத்திவைத்தேன்.