ஹீலோவில் ஒரு மொழி மாதம்

பிப்ரவரி 3

ஹவாயில் பிப்ரவரி, ஹவாய் மொழிக்கான மாதம். மாலை வகுப்பில் சேர்ந்துவிட்டேன். உயிர் ஐந்து, மெய் எட்டு. குறில் நெடில் நமக்குக் கைவந்தது. எட்டாவது மெய்தான் பிடிபடவில்லை. தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறக்கும் ஓசை அது, பெயர் ‘ஒகினா’. ‘கோ’வுக்கும் ‘உ’வுக்கும் நடுவே அந்த அடைப்பு விழுந்தால் ‘என்னுடைய’ என்று பொருள். விழாவிட்டால் ‘உன்னுடைய’. ஒரு மணி நேரமும் இதற்கே போயிற்று. போகட்டும், எனதும் உனதும் பிரிகிற இடமல்லவா!

பிப்ரவரி 8

பழைய ஹவாய் மொழிச் செய்தித்தாள்களை நாள் முழுவதும் கணினியில் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் தாள் 1834இல் மாவி தீவின் லஹைனாலுனாவில் அச்சானது. கடைசித் தாள் நின்றது இதே ஹீலோவில், 1948இல். இடையில் நூற்றுக்கும் அதிகமான இதழ்கள், ஏறத்தாழ 1,25,000 பக்கங்கள். எழுத்தில்லாதவர்களின் மொழி என்று இனி யாரும் என்னிடம் சொல்லக் கூடாது.

இறந்தவர்களுக்காக உறவினர் எழுதி அனுப்பிய ஒப்பாரிப் பாடல்களே என்னைக் கட்டிப்போட்டன. போனவரோடு சேர்ந்து நடந்த ஊர்களை, அந்தந்த ஊரின் காற்றை, மழையைப் பெயர் சொல்லி அழைத்து அழுகிறார்கள். ஹீலோ மழைக்குக் ‘கனிலெஹுவா’ என்று பெயர். மானோவா பள்ளத்தாக்கின் மழைக்குத் ‘துவாஹினே’. ஊர் மழைக்குப் பெயர் வைத்த மொழி இது.

பிப்ரவரி 15

வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் அம்மாவுக்கு எழுபது கடந்துவிட்டது. ஹவாய்ப் பூர்வகுடி. தாய்மொழியை இந்த வயதில் அரிச்சுவடியிலிருந்து படிக்கிறார்.

1893இல் லிலியுவோகலானி அரசியைக் கவிழ்த்தவர்கள், 1896இல் பள்ளிகளின் பயிற்றுமொழி ஆங்கிலமே என்று சட்டம் போட்டார்கள். இந்த அம்மாவின் பாட்டி பள்ளியில் ஹவாய் மொழி பேசியதற்காக அடி வாங்கியவர். அந்தப் பாட்டி பிறகு தம் பிள்ளைகளிடம் அதில் பேசவே இல்லையாம். பெரியவர்கள் ரகசியம் பேச மட்டும் அது வீட்டில் மிஞ்சியது. “நான் உள்ளே வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார்கள்” என்றார். எனக்கு ஆறவில்லை.

பிப்ரவரி 22

இன்று அந்த அம்மாவின் பேத்தியைப் பார்த்தேன். நான்கு வயது. ‘பூனானா லியோ’ மழலையர் பள்ளியில் படிக்கிறாள். குரல்களின் கூடு என்று பொருள். காலை முதல் மாலை வரை ஹவாய் மொழி மட்டுமே. 1983இல் சிலர் கூடி அமைப்பைத் தொடங்கி, அடுத்த ஆண்டே கவாயி தீவின் கெகாஹாவில் முதல் பள்ளியைத் திறந்தார்கள். 1978இலேயே ஹவாய் மொழி மாநில ஆட்சிமொழியாகிவிட்டது. ஆனாலும் 1896இன் பள்ளித் தடை நீங்க 1986 ஆயிற்று. அதற்காகச் சட்டசபைப் படி ஏறியவர்களில் பெற்றோர்களும் உண்டு.

இந்த மொழியிலும் ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. அதிலும் இருவர் என்றால் ஒரு சொல், அதற்கு மேல் என்றால் இன்னொன்று. ஆசிரியை விளக்கியபோது தமிழ் வழியாக உடனே பிடித்துக்கொண்டேன்.

வாசலில் கனிலெஹுவா கொட்டிக்கொண்டிருந்தது. குழந்தை பாட்டியின் விரலைப் பிடித்தாள். நான் ஒதுங்கி நின்றேன். “ஹெலே காக்கோ!” என்றாள், நாம் போகலாம் என்று. பாட்டியும் அவளும் மட்டும் என்றால் ‘காவுவா’ என்றிருப்பாள். காக்கோ என்றால் மூன்று பேரும். நனைந்துகொண்டே போனோம்.