முதலில் நடுவர், அப்புறம் அணி

ரக்பி அதிகம் பேருக்குத் தெரியாத நாட்டில் அதைத் தொடங்க நினைப்பவர்களை முதலில் மலைக்க வைப்பது ஆள் கணக்குதான். அணிக்கு பதினைந்து பேர் என்றால் ஓர் ஆட்டத்துக்கே முப்பது பேர் வேண்டும், மாற்று ஆட்டக்காரர்கள் வேறு. நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை. அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸில் தொடங்கினோம். ஒரு பாதிக்கு ஏழு நிமிடம், இடையில் சின்ன ஓய்வு, அவ்வளவுதான். ஒரே காலையில் பல ஆட்டங்களை முடித்துவிடலாம் என்பதால், கால்பந்துக்காரர்களிடம் மைதானம் கேட்டுப் போவதும் எளிதாக இருந்தது.

செவன்ஸுக்கு இன்னொரு பலமும் உண்டு. அது 2016 ரியோ ஒலிம்பிக்கிலிருந்து பதக்க விளையாட்டு. ஃபிஜியின் முதல் ஒலிம்பிக் பதக்கமே அந்த ஆண்டு ஆண்கள் செவன்ஸில் வென்ற தங்கம்தான். விளையாட்டு அதிகாரிகளிடம் ரக்பி என்று சொன்னபோது பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஒலிம்பிக் என்றதும் உட்காரச் சொன்னார்கள்.

பிள்ளைகள் வருவது கஷ்டமாக இருக்கவில்லை. இடுப்பு பெல்ட்டின் இருபுறமும் ஒரு ரிப்பனைத் தொங்கவிட்டு, எதிராளி அதை உருவினால் டாக்கிள் (பந்தோடு ஓடுபவரைப் பிடித்து வீழ்த்துவது) ஆனதாகக் கணக்கு வைக்கும் டேக் ரக்பியைக் கொடுத்தோம். ஆண், பெண் எல்லோரும் சேர்ந்தே ஆடினார்கள். பந்தைக் கையால் முன்னால் எறியக் கூடாது, பின்னால்தான் பாஸ் செய்ய வேண்டும் என்பது மட்டும் அவர்களுக்குச் சட்டென்று படியவில்லை. அதற்காக நிறுத்தி நிறுத்தி விளக்கவில்லை. ஆட விட்டோம், கொஞ்ச நாளில் கை தானாகவே பழகிவிட்டது.

உண்மையான பஞ்சம் நடுவர்களுக்குத்தான். இதை நான் அழுத்திச் சொல்வேன். விதி தெரிந்த ஒருவர் விசிலோடு நிற்காவிட்டால், தரையில் கிடக்கும் பந்துக்காக இரு அணியினரும் நெருக்கி நின்று போராடும் ரக் வெறும் ஆள்குவியலாகிவிடும். கீழே கிடப்பவர் பந்தை விட வேண்டும், டாக்கிள் செய்தவர் உருண்டு விலக வேண்டும், அடுத்து வருபவர் தன் அணி இருக்கும் பின்பக்கத்திலிருந்துதான் நுழைய வேண்டும். இதெல்லாம் நொடிக்குள் நடப்பவை. அதனால் பயிற்சிக்கு வந்த பெரியவர்களில் கத்தாமல் கவனிப்பவர்களைப் பார்த்து, முதலில் நடுவர்களாக்கினோம். உலக ரக்பி அமைப்பின் இணையவழிப் பாடங்கள் பெரிய துணை. ஆட ஆசைப்பட்டு வந்தவரிடம் விசிலைக் கொடுப்பது சங்கடம்தான். ஆனால் அவர்கள் இல்லாவிட்டால் போட்டியே இல்லை.

அடுத்தது பெற்றோரின் பயம். இணையத்தில் இரண்டு காணொளி பார்த்துவிட்டு, கழுத்து முறியாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பேசிப் புரிய வைப்பதைவிடக் காட்டுவதே மேல் என்று அவர்களை மைதான ஓரத்தில் உட்கார வைத்தோம். டாக்கிள் பாடம் முழங்காலில் நின்றபடிதான் தொடங்கும். நிமிர்ந்த பார்வை, தோள் எதிராளியின் தொடையில், கன்னம் அவருடைய பின்பக்கத்தை ஒட்டி, இரண்டு கைகளும் கால்களைச் சுற்றி இறுக்கமாக. தலை ஒருபோதும் அவருக்கு முன்னால் குறுக்கே போகக் கூடாது. இது படிந்த பிறகே நடந்து வந்து செய்வது, அதற்கும் பிறகே ஓடி வந்து செய்வது. தோளுக்கு மேலே பிடிப்பது விதிப்படியே தவறு. மூளையதிர்ச்சி என்ற சந்தேகம் வந்தாலே ஆட்டக்காரர் வெளியே வந்துவிட வேண்டும், அன்றைக்குத் திரும்ப இறங்கக் கூடாது. ஒரு முக்கியமான ஆட்டத்தில் எங்கள் சிறந்த ஆட்டக்காரியையே அப்படி உட்கார வைத்தோம். ஆட்டத்தில் தோற்றோம். அடுத்த வாரம் பயிற்சிக்குப் பிள்ளைகளை அழைத்து வந்த பெற்றோர் முன்பைவிட அதிகம்.

இதெல்லாம் எங்கே போய்ச் சேரும் என்று கேட்பவர்களிடம் நான் ஜப்பானைத்தான் சொல்வேன். 1995 உலகக் கோப்பையில் நியூசிலாந்திடம் 17-145 என்று தோற்ற அணி அது. 2015-இல் தென்னாப்பிரிக்காவை 34-32 என்று வென்றது. 2019-இல் உலகக் கோப்பையைத் தன் மண்ணிலேயே நடத்தி, காலிறுதி வரை போனது. பள்ளி, பல்கலைக்கழகம், நிறுவன அணிகள் என்று அங்கே படிப்படியாக ஓர் அடித்தளம் இருந்தது. நமக்கு இப்போது பள்ளிதான் கையில் இருக்கிறது.

சரி, பதினைந்து பேர் ஆட்டம் எப்போது? அதற்கு, இரு அணியினரும் தோள் கோத்து எதிரெதிரே தள்ளிப் பந்துக்குப் போட்டியிடும் ஸ்க்ரமின் முன்வரிசைக்கு முறையாகப் பழகியவர்கள் வேண்டும், அங்கே அவசரம் ஆபத்து. இப்போதைக்கு இரு அணிகளும் தள்ளாமல், பந்தை உள்ளே போடும் அணியே எடுத்துக்கொள்ளும் ஸ்க்ரமோடு நட்பு ஆட்டங்கள் ஆடுகிறோம். முன்வரிசைக்கு ஆர்வம் காட்டும் சிலருக்குக் கழுத்துக்கும் முதுகுக்கும் தனிப் பயிற்சி போய்க்கொண்டிருக்கிறது. அவர்கள் தயார் என்று பயிற்சியாளர் சொல்லும் வரை தள்ளு ஸ்க்ரம் கிடையாது.