மூணாவது ரெய்டு

எங்க காலேஜ் கபடி குரூப்புல ஒருத்தன்கூட மேட்ல கால் வெச்சதில்ல. கேலரியில உக்காந்து தொண்டை கிழியக் கத்தினவனுங்க மட்டும்தான். பதினாலு வருஷமா அதே கத்தல், இப்போ வாட்ஸ்அப்ல.

நேத்து விடியக்காலைல அம்மாபேட்டைக்காரன் ஒரு போட்டோ போட்டான். பொண்ணு பொறந்திருக்கா, 2.9 கிலோ. வாழ்த்துறதுக்கு முன்னாடியே ஒருத்தன், "ரெய்டரா, டிஃபெண்டரா?"ன்னான். (எதிர் டீம் பக்கம் பாடிப் போறவன் ரெய்டர், அவனைப் பிடிக்கிறவன் டிஃபெண்டர்.) இன்னொருத்தன், "வீட்ல நீங்க ரெண்டே பேரு. ராத்திரி அவளைத் தூங்க வெச்சுட்டீங்கன்னா சூப்பர் டேக்கிள், ரெண்டு பாயிண்டு"ன்னு கணக்கு சொன்னான். (களத்துல மூணு பேரோ அதுக்குக் கம்மியாவோ இருந்து ரெய்டரைப் பிடிச்சா ஒரு பாயிண்டு எக்ஸ்ட்ரா. எங்க வீட்டம்மாவுக்கு இதைப் புரிய வைக்க எனக்கு ரெண்டு சீசன் ஆச்சு.)

அப்புறம் பேச்சு செவ்வாப்பேட்டை மாப்ள பக்கம் திரும்புச்சு. ரெண்டு எடத்துல பொண்ணு பாத்துட்டு வெறுங்கையோட வந்தவன். ஞாயித்துக்கிழமை ஏற்காட்டுல மூணாவது எடம். கபடியில வரிசையா ரெண்டு ரெய்டு காலியாப் போனா மூணாவது 'டூ ஆர் டை'. பாயிண்டு எடுக்கலைன்னா அவுட்டு. "20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போறேன்டா, கலாய்க்காதீங்க"ன்னு கெஞ்சுறான். "ஒரு ரெய்டுக்கு 30 செகண்டுதான் டைம், மூச்சு விடாம பேசிரு"ன்னு பதில் போகுது.

பாப்பாவைப் பாக்க இன்னிக்கு சாயங்காலம் போறோம். அப்பன்காரன் எல்லாருக்கும் தட்டுவடை செட் வாங்கித் தரணும்னு ஏகமனதா தீர்மானம். மாப்ள, நீயும் வாடா. ஞாயித்துக்கிழமைக்கு எந்தச் சட்டைன்னு அங்கயே முடிவு பண்ணிரலாம்.